அரை இட்லிக்கு அரை மணி நேரம்

எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் நான்தான். மாமனார், அவர், பிள்ளைகள், அத்தை என்று எல்லாருக்கும் போட்டு முடித்தபின், அடுப்படியில் நின்றபடியே குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிடுவேன். மகன் தட்டில் வைத்துவிட்டுப் போன அரை தோசை, மதியம் மீந்த கூட்டு, ஒரு கரண்டிதானே என்று வழித்துப் போட்ட பாயசம், இதெல்லாம் என் கணக்கில் சாப்பாடே கிடையாது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்படியும் இந்தக் கணக்கு மட்டும் இருபது வருஷம் எனக்கு உதைத்ததே இல்லை.

158 செ.மீ. உயரத்துக்கு 118 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் 47. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, ராத்திரி மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி போட்ட மெஷின். மாடிப்படி ஏறினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். மீந்ததைத் தின்றதால் மட்டும் இவ்வளவு எடை வந்தது என்று சொல்லமாட்டேன். என் அம்மா, பெரியம்மா எல்லாருக்கும் இதே உடல்வாகுதான். பேலியோ, நடைப்பயிற்சி, கொள்ளுத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோ குறையும், பன்னிரண்டு ஏறும்.

2022 செப்டம்பர் கடைசி வாரம் மதுரையில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஸ்லீவ் என்பார்கள். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளக் குழாயாக விடுவார்கள். நூறு, நூற்றைம்பது மில்லிதான் கொள்ளும், ஒரு காபி டம்ளர் அளவு. வெட்டி எடுக்கிற மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறதாம். அதனால் கொஞ்ச காலத்துக்குப் பசி என்பதே தெரியாது. ஆபரேஷனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தாலோ பாலிசியில் இதற்கு வழி இருக்கும். காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தேதி குறித்தபின் கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது ஒரு குட்டி பிளாஸ்டிக் கப் கொடுத்துவிட்டார்கள். மருந்து அளப்பது, 30 மில்லி. ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். ஐம்பது கப். கால் மணி நேரத்துக்கு ஒன்று வீதம் பன்னிரண்டரை மணி நேரம். அதைக் குடிப்பதே அந்த நாட்களில் முழுநேர வேலை. இளநீர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், நீர்மோர், பாலில் கரைத்த புரோட்டீன் பவுடர். எலும்பு சூப்பும் குடிக்கலாம் என்று டயட்டீஷியன் எழுதியிருந்தார். ஆனால் அது புரட்டாசி. அத்தை அடுப்பில் ஏற்றவே விடவில்லை. "பெருமாளுக்குத் தெரியாமலா வயித்த வெட்டுனாங்க? ஒரு மாசம் பொறு தாயி" என்றார்.

இரண்டு வாரம் திரவம், பிறகு இரண்டு வாரம் மிக்சியில் அடித்த கூழ், அப்புறம் குழைவான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு. என் தாளில் இப்படி இருந்தது. ஒவ்வொரு மருத்துவரும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். உங்களுடையவர் சொன்னதுதான் உங்களுக்கு. பக்கத்துக் கட்டில்காரருடைய தாளைப் பார்த்து நடக்காதீர்கள்.

நான்காவது வாரம் தீபாவளி. விடிகாலையில் இட்லி, மட்டன் குழம்பு. எல்லாருக்கும் போட்டு முடித்தேன். மகள் தட்டில் அரை இட்லி, குழம்பில் ஊறிப்போய்க் கிடந்தது. பசியும் இல்லை, ஆசையும் இல்லை, சத்தியமாக. கை தானாகப் போயிற்று. நின்றபடி இரண்டே வாயில் முழுங்கிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் நெஞ்சுக்கு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி வலி. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பத் துப்ப நிற்கவில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து இருபது நிமிஷம், அப்புறம் வாந்தி, அதோடு விட்டது. வெளியே வெடிச் சத்தம். அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார், "அரை இட்லிக்கா இந்தப் பாடு?"

இட்லி மேல் தப்பில்லை. மெல்லாமல் விழுங்கியதும் நின்றுகொண்டு சாப்பிட்டதும்தான் தப்பு. அன்றைக்கு மத்தியானமே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி அடுப்படியில் என் வாய்க்குள் எதுவும் போகாது. உப்புப் பார்க்க மகளைக் கூப்பிட வேண்டும். எனக்கென்று தனித்தட்டு, அதுவும் முதல் தட்டு. உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

எழுத எளிதாக இருக்கிறது. வீட்டில் எல்லாரும் காத்திருக்க, பொம்பளை முதலில் தட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்வது எங்கள் தெருவில் நடக்காத காரியம். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் செய்தித்தாளைக் கொஞ்சம் சத்தமாக மடித்தார். எனக்குமே முதல் பத்து நாள் தொண்டையில் இறங்கவில்லை, தையல் போட்ட வயிறு அதற்குக் காரணமும் இல்லை. ஆபரேஷன் வயிற்றின் அளவை மாற்றியதே தவிர, வீட்டில் நான் உட்காரும் இடத்தை மாற்றவில்லை. அதை நானேதான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது என் சாப்பாட்டு முறையைச் சொல்கிறேன். வயிறு சின்னதாகிவிட்டதால் எதை முதலில் போடுகிறோம் என்பதுதான் எல்லாமே. புரதம் முதலில், காய் அடுத்தது, இடம் இருந்தால் சோறு. பிறந்ததிலிருந்து நாம் சோற்றை நடுவில் குவித்து மற்றதை ஓரத்தில் வைத்துப் பழகியவர்கள். அந்தத் தட்டையே தலைகீழாகப் போடச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்றால், நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மதுரைக்காரிக்கு இதில் ஒரு வசதி உண்டு, கலக்கி. புரோட்டா கடைகளில் குழைவாக, பாதி வெந்தும் வேகாமலும் சுருட்டித் தருவார்களே, அந்த முட்டை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு எனக்கு நெஞ்சில் நின்றது, ஆம்லெட் ரப்பர் மாதிரி இருந்தது, கலக்கி மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. வீட்டில் நன்றாக வேகவிட்டு, ஆனால் காயாமல் எடுத்துவிடுவேன். காலையில் இரண்டு முட்டைக் கலக்கி, 12 கிராம். பதினொரு மணி இடைவேளைக்கு அரைக் கிண்ணம் சுண்டல், ஏழு கிராம். மதியம் ஒரு துண்டு மீன், 15 கிராம். அயிரை மீன் குழம்பு வைத்த நாள் எனக்குத் திருவிழா, மெத்தென்று இருக்கும். பாலும் தயிருமாக நாளுக்கு 300 மில்லி, பத்து கிராம். ராத்திரி 75 கிராம் வெந்த கோழிக்கறி, கிட்டத்தட்ட 19. கூட்டினால் 63. செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது, அன்றைக்கு பனீரும் சோயா உருண்டையும். 25 கிராம் சோயா உருண்டையில் 13 கிராம் புரதம் இருக்கிறது. ஊறவைத்துப் பிழிந்து, கொத்துக்கறி மாதிரி உதிர்த்துத் தாளித்தால் மாமனாரே இரண்டாம் தரம் கேட்கிறார்.

கோழியை முதல் ஆறு மாதம் குழம்பில் ஊறவைத்துப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்துத்தான் சாப்பிட்டேன். வறுத்த கோழி இன்றைக்கும் ஒத்துவருவதில்லை. புரோட்டா, மெத்தென்ற ரொட்டி, குழைந்த பச்சரிசிச் சோறு எல்லாம் உள்ளே போய்க் கட்டியாகிவிடுகின்றன. மொறுமொறுவென்று வார்த்த தோசை பரவாயில்லை, மென்றால் பொடியாகிவிடுகிறது. பாசிப்பயறு அரைத்து வார்த்தால் இன்னும் நல்லது. மிருதுவானது எளிதாக இறங்கும் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அப்படி இல்லை.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டபோது புரிந்தது. ரசம் சோற்றை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வெறும் வயிறு, மறுபடி கை டப்பாவைத் தேடுகிறது. பள்ளியில் எனக்குத் தண்ணீர் நேரம் மணி அடிப்பதுதான். ஒவ்வொரு பீரியடும் முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும்போது நாலு மடக்கு. அண்ணாந்து கடகடவென்று குடிக்கிற சுகம் போனது போனதுதான். கோடையில் பானைத் தண்ணீரைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் துக்கம் வரும்.

மதிய இடைவேளை நாற்பது நிமிஷம். முன்பு மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு நோட்டுத் திருத்துவேன். இப்போது மகள் எல்.கே.ஜி.யில் கொண்டுபோன டப்பாவில், மணி அடிக்கும்வரை சாப்பிடுகிறேன். ஒரு வாய் வைத்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும், மென்று முடிக்கிறவரை எடுக்கக் கூடாது. கையால் சாப்பிட்டால் அடுத்த வாய் தானாக உருண்டுவிடுகிறது, அதனால் எனக்கு ஸ்பூன். நிறைந்துவிட்டது என்பதற்கு எனக்கு ஒரு அடையாளம் உண்டு, மூக்கு லேசாக ஒழுகும், சின்னதாக ஒரு ஏப்பம் வரும். சிலருக்கு விக்கல் என்கிறார்கள். அதன்பின் ஒரே ஒரு வாய் கூடினாலும் அந்தத் தீபாவளிதான்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த இரண்டு முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போதே சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் குறைத்திருந்தார்கள். வீட்டில் பழைய டப்பா அப்படியே இருந்தது. பத்தாம் நாள் காலை, பழக்கதோஷத்தில் நிறுத்திய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டு. குத்திப் பார்த்தால் 58. மகள் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பழைய மாத்திரைகளைக் கட்டி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பிரஷர் மாத்திரைக்கும் இதேதான், எடை இறங்க இறங்க அளவு மாறும்.

இரண்டாவது, சத்து மாத்திரைகள். இந்த வயிறு இனி சில சத்துகளைப் பழையபடி எடுத்துக்கொள்ளாது, அதனால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, மல்ட்டிவைட்டமின் எல்லாம் ஆயுளுக்கும். நான் எல்லாவற்றையும் ஒரே கையில் போட்டு டீயோடு முழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்தில் ஹீமோகுளோபின் 9.1. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனே என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். இரும்பைக் கால்சியம் தடுக்கும், டீயும் தடுக்கும் என்றார். இப்போது இரும்பு ராத்திரி படுக்கும்போது, கால்சியம் சிட்ரேட் காலையும் மாலையும், நடுவில் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. பி12 மாதம் ஒரு ஊசி. முட்டி வலித்தால் மருந்துக்கடையில் வாங்கி முழுங்கும் வலி மாத்திரைகள் இந்த வயிற்றில் புண் உண்டாக்கும். பாராசிட்டமால் தவிர எதுவும் கேட்காமல் போடுவதில்லை. பித்தப்பையில் கல் சேராமல் இருக்க முதல் ஆறு மாதம் தனியாக ஒரு மாத்திரை உண்டு, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அதை நிறுத்திவிடாதீர்கள். வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்காமல் வந்தால் கை வைத்தியம் பார்க்கக் கூடாது. பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும் அபாயம் இருக்கிறது.

நான்காம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பு நிறைய. எடை வேகமாக இறங்கினால் இப்படித்தான், சில மாதத்தில் நிற்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள், ஒன்பதாம் மாதம் நின்றது. ஆனால் அந்த நேரத்தில்தான் ஊர் என்னைக் கவனிக்கத் தொடங்கியது. முகம் வற்றி, முடி கொட்டி, ரவிக்கை தொளதொளவென்று வந்தால் நம்மூரில் ஒரே கேள்விதான். "என்ன டீச்சர், சுகர் ஜாஸ்தியா?" சிலர் அதையும் கேட்காமல், பெரிய வியாதி என்று முடிவுகட்டி ஆப்பிளோடு வந்தார்கள். வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவந்தேன். கொழுப்பை உறிஞ்சி எடுத்ததாக ஒரு கதை பரவியது. அதை நான் மறுக்கவும் இல்லை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்று ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்லி மாட்டிக்கொண்டோம்.

பெரிய சோதனை கல்யாணப் பந்திதான். இலையில் பதினெட்டு அயிட்டம், பரிமாறுகிறவர் கையைக் காட்டினாலும் நிற்கமாட்டார், மிச்சம் வைத்தால் பெண் வீட்டாருக்கு வருத்தம். முதல் தரம் நாத்தனார் வீட்டு விசேஷத்தில், "என்ன மதினி, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்டு அவள் கண் கலங்கிவிட்டாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவேன். பந்தியில் சின்னப் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து ஒரே இலையில் இருவருமாக உட்கார்ந்துகொள்வேன். இனிப்பைப் பிள்ளை பார்த்துக்கொள்வான். எனக்குக் கூட்டு இரண்டு வாய், தயிர் கொஞ்சம். வெறும் வயிற்றில் ஜாங்கிரி, சர்க்கரைப் பொங்கல் மாதிரி ஏதாவது போனால் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தை மாதம் கற்றுக்கொண்டது.

ஒன்றரை வருஷத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது, மூச்சு மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று. அதோடு எடை நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் மூன்று கிலோ ஏறவும் செய்தது. பசி எட்டு, ஒன்பது மாதத்திலேயே மெதுவாகத் திரும்பியிருந்தது. காரணம் தேடியபோது சாத்தூர் சேவு அகப்பட்டது. ஒரு துண்டு மீனுக்கு மேல் இறங்காத இதே வயிற்றில், சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டே சாப்பிட்டால் கால் கிலோ சேவு இறங்குகிறது! வாயிலேயே கரைந்து வழுக்கிப் போய்விடுகிற பண்டம் எதற்கும் இந்த ஆபரேஷன் தடை போடாது. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், ஜிகர்தண்டா எல்லாம் அப்படித்தான். டாக்டர் திட்டவில்லை. "வயித்தைத்தான் நான் தைச்சேன், டப்பாவைத் தைக்கலையே" என்றார். சேவை வீட்டுக்கு வாங்குவதை நிறுத்தினோம். அவருக்கு வேண்டுமென்றால் கடையில் நின்று சாப்பிட்டுவிட்டு வருகிறார். மாலையில் எனக்குப் பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, அதையும் அளந்து எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுத்தான் உட்கார்வேன். இப்போது 83.

நெஞ்செரிச்சல் அவ்வப்போது வருகிறது, ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது உண்டு. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துக்கொண்டு, தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் பாதி சரியாகிறது.

ஏழரைக்கு நான் தட்டைப் போட்டு உட்காரும்போது அத்தையும் வந்து உட்கார்கிறார். போன வருஷத்திலிருந்துதான். அவரும் ஐம்பது வருஷமாகக் கடைசியாகச் சாப்பிட்டவர். "ரெண்டு வாய்ச் சோத்துக்கு அரை மணி நேரமா" என்று தினமும் ஒரு தடவை சொல்வார். சொல்லிவிட்டு அவரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சட்டியில் மீந்த குழம்பை இப்போது அவர்தான் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறார், வீட்டில் நான்கு சின்னக் கிண்ணம் இதற்கென்றே வாங்கியிருக்கிறோம்.

வரும் ஞாயிறு மேலூரில் ஒரு கல்யாணம். காலையில் கலக்கி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பந்திக்கு நாத்தனார் மகனிடம் சொல்லி வைத்தாயிற்று. ஜாங்கிரி இரண்டும் தனக்குத்தான் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறான்.